குவாடல்கனால் விமானத் தளம்

பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே சாலமன் தீவுகள் உள்ளன. அவற்றுள் பெரியது குவாடல்கனால். அடர்ந்த காடும் தென்னந் தோட்டங்களும் நிறைந்த இத்தீவை 1942க்கு முன்னர் வெளியுலகில் அறிந்தோர் சிலரே. அங்கு அமைந்த ஒரு விமானத் தளத்தின் வரலாற்றை நாம் அறிவோம்.

1942இன் தொடக்கத்தில் மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றிய ஜப்பானியர், பசிபிக் தீவுகளிலும் பரவினர். அவ்வாண்டு ஜூலையில், குவாடல்கனாலின் லுங்கா சமவெளியில் ஓடுபாதை அமைக்கத் தொடங்கினர். ஜப்பானியரும் கொரியரும் அடங்கிய 2,000க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கே உழைத்தனர்.

சிறிய ஓடுபாதைக்கு இத்துணைச் சிறப்பு ஏன்? அங்கிருந்து எழும் விமானங்கள் சுற்றியுள்ள கடலையெல்லாம் கண்காணித்துத் தாக்கவல்லவை. அமெரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் கப்பல் வழிக்கு அதனால் ஆபத்து நேரும். ஆகவே, ஆகஸ்ட் 7இல் அமெரிக்கப் படை கரையிறங்கி, மறுநாளே தளத்தைக் கைப்பற்றியது. ஜப்பானியர் விட்டுச்சென்ற இயந்திரங்களைக் கொண்டே எஞ்சிய பணியை முடித்தது. மிட்வே போரில் உயிர்நீத்த விமானி ஹெண்டர்சனின் பெயர் தளத்திற்குச் சூட்டப்பட்டது.

தளத்தை மீட்க ஜப்பானியர் பலமுறை முயன்றனர். அக்டோபர் 13ஆம் நாள் இரவு, இரு போர்க்கப்பல்கள் 900க்கு மேற்பட்ட பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தன. எனினும் தளம் அழியவில்லை. கட்டுமானப் படையினர் லாரிகளில் மண்ணையும் சரளையையும் முன்னரே ஏற்றி வைத்திருப்பர். குண்டு விழுந்தவுடன் விரைந்து சென்று குழியை நிரப்பி, மேலே துளையிட்ட எஃகுத் தகடுகளைப் பரப்புவர். துப்பாக்கியைப் போலவே மண்வெட்டியும் அத்தளத்தைக் காத்தது.

தீவு மக்களும் பெருந்துணை புரிந்தனர். ஆயிரக்கணக்கானோர் கப்பல்களிலிருந்து சுமை இறக்கினர். சிலர் ஒற்றர்களாகப் பணியாற்றினர். ஓய்வுபெற்ற காவலர் ஜேக்கப் வௌஸா ஜப்பானியரிடம் பிடிபட்டார். கட்டி வைத்துக் கத்தியால் குத்தியும் அவர் இரகசியத்தைக் கூறவில்லை. குற்றுயிராய்த் தப்பி வந்து, வரவிருந்த தாக்குதலைப் பற்றி எச்சரித்தார்.

பகலில் விமானங்கள் தாக்கியதால், ஜப்பானிய உணவுக் கப்பல்கள் கரையை நெருங்க இயலவில்லை. பசியாலும் மலேரியாவாலும் ஆயிரமாயிரம் வீரர்கள் மாண்டனர். 1943 பிப்ரவரியில் எஞ்சியோர் தீவைவிட்டு அகன்றனர்.

இன்று அவ்விடம், 1978இல் விடுதலை பெற்ற சாலமன் தீவுகளின் தலைநகரான ஹோனியாராவின் பன்னாட்டு விமான நிலையம். ஆயினும் அம்மண்ணில் வெடிக்காத குண்டுகள் இன்னும் புதைந்துள்ளன. அவை இன்றும் உயிர்களைப் பறிக்கின்றன.

போரைத் தொடங்கியவர் அத்தீவினர் அல்லர். அதன் எச்சத்தைச் சுமப்பவர் அவர்களே. போர் முடிந்தாலும் அதன் துன்பம் தலைமுறை தாண்டித் தொடரும் என்பதை நாம் உணர்வோமாக.