கல்நாரை இனங்காணல்

'கல்லில் நார் உரித்தல்' என்பது இயலாத செயலைக் குறித்து நாம் கூறும் வழக்கு. இயற்கையோ அத்தகைய கல்லையும் படைத்துள்ளது. கல்நார் என்னும் கனிப்பொருள் விரலாற் பிரிக்கப் பஞ்சுபோற் பிரியும், தீயில் வேகாது. இவ்வியல்பு கருதியே நம் நாட்டுக் கூரைத் தகடுகளிலும் அது சீமெந்துடன் கலக்கப்பட்டது.

ஆயின் அதன் தூசி நுரையீரலைப் பற்றுவது. 1960ஆம் ஆண்டில் வாக்னரும் அவர்தம் துணைவரும், தென்னாபிரிக்காவில் நெஞ்சுறையைத் தாக்கும் அரிய புற்றுநோயுற்ற 33 பேரைப் பற்றி எழுதினர். அவருட் பெரும்பாலோர் நீலக்கல்நார் அகழ்ந்த நிலப்பகுதியோடு தொடர்புடையோர். எனவே ஒரு தூசியிற் கல்நார் உண்டா என்பது உயிர்பற்றிய வினாவாகும்.

சாதாரண நுணுக்குக்காட்டி ஒரு மில்லிமீற்றரின் 5,000இல் ஒரு பங்கிலுஞ் சிறியவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டமாட்டாது. கிறிசோற்றைல் என்னும் வெண்கல்நாரின் தனியிழையோ ஏறத்தாழ 30,000இல் ஒரு பங்கே. ஆதலின், 1931இல் றுஸ்காவும் நொல்லும் பேர்லினில் வழிகாட்டிய இலத்திரன் நுணுக்குக்காட்டியை நாடுகின்றோம். அதனிடம் நாம் மூன்று வினாக்களை வினவுவோம்.

முதலாவது வடிவம். வெண்கல்நாரில் மகனீசியத் தகடு சிலிக்காத் தகட்டினுஞ் சற்று அகன்றது. இரண்டும் ஒட்டியிருத்தலாற் பாய்போலச் சுருண்டு உட்டுளையுள்ள குழாயாகும். அம்பிபோல் வகையைச் சேர்ந்த ஏனைய ஐந்து கல்நார்களும் சுருளாது நேரிய இழைகளாய் நிற்கும்.

இரண்டாவது கோணல். இலத்திரன் அலைபோலவும் ஒழுகும் என்பது 1927இல் நிறுவப்பட்டது. பளிங்கினூடு செல்லும் கற்றை சிதறிப் புள்ளிக்கோலமிடும். அம்பிபோல் இழையில் அணுவொழுங்கு நீளவாட்டில் 0.53 நனோமீற்றருக்கு ஒருமுறை மீளுதலாற் புள்ளிகள் நிரைநிரையாய் அமையும். வெண்கல்நாரிலும் இம்மீட்சி ஏறத்தாழ இதுவே. ஆயினும் அதன் குழாய்வடிவினாற் சில புள்ளிகள் கீற்றாய் நீளும்.

மூன்றாவது மூலகம். அம்பிபோல்களின் கோலங்கள் தம்முள் ஒத்தன. ஆகவே இலத்திரன் பட்டு எழும் எக்ஸ்கதிர்களை ஆராய்வோம். நீலக்கல்நாரிற் சோடியமும் இரும்பும், திரெமொலைற்றிற் கல்சியமும் மகனீசியமும் தோன்றும்.

இங்கே ஒரு பொறியுண்டு. முகப்பூச்சு மாவாகும் தல்க்கும் சிலவேளை இழைவடிவுறும். அதற்கும் அந்தோபிலைற்று என்னுங் கல்நாருக்கும் முதன்மையான மூலகங்கள் மகனீசியமும் சிலிக்கனுமே. வடிவையும் மூலகத்தையும் மட்டும் நம்பினோர் ஏமாறுவர். தட்டையாய்க் கிடக்கும் தல்க்கின் கோலம் அறுகோணமாயிருக்கும். அந்தோபிலைற்றின் கோலம் 0.53 நனோமீற்றர் மீட்சிக்குரிய நிரைகளைக் காட்டும். கோணலே ஐயம் அறுக்கும்.

மூன்று சான்றும் ஒருமித்தபின்னரே பெயரிடுக. விரைந்து 'இல்லை' என எழுதும் ஒரு சொல், அத்தூசியை நாடோறும் சுவாசிக்கும் தொழிலாளியைக் காவாது விட்டுவிடும்.