சம்பளமும் ஒரு நன்றியும்

உயர்தர வணிகக் கல்வியில் ஹேர்ஸ்பேர்க்கின் இரு காரணிக் கோட்பாட்டைப் படித்தபோது எங்கள் ஆசிரியைகளே நினைவுக்கு வந்தார்கள். 1959இல் வெளியான அவரது ஆய்வின்படி, சம்பளமும் வேலைச் சூழலும் குறைந்தால் அதிருப்தி எழும். அவை நிறைந்தால் மட்டும் ஊக்கம் பிறந்துவிடாது. சாதனை, அங்கீகாரம், பொறுப்பு போன்றவையே ஊக்கம் தரும்.

2021இல் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகினார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் என் கொப்பிகள் வெறுமையாகக் கிடந்தன. அன்று கோபப்பட்டேன், அது முதற் காரணியின் குறை என்று இன்று விளங்குகிறது.

பணிப்பகிஷ்கரிப்பு முடிந்ததும் கணித ஆசிரியை விடுபட்ட அலகுகளைப் பின்னேரங்களில் கற்பித்தார். அதற்கு மேலதிகக் கொடுப்பனவு இல்லை. நாங்கள் ஒருவரும் நன்றிகூடச் சொல்லவில்லை.

பெற்றோர்களே, மாணவிகளே! சம்பளத்தை அரசுதான் தர வேண்டும். அங்கீகாரத்தை நாமும் தரலாம்.