ஓவனுக்கு முன்னால் வயரைப் பாருங்கள்

மாடுலர் கிச்சனில் பதித்து வைக்கும் மின்சார ஓவன் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்கள் இவை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓவன் பழுது பார்த்துவரும் மெக்கானிக் பதில் சொல்கிறார்.

*புது ஃபிளாட்டில் குடியேறப் போகிறோம். 3500 வாட்ஸ் ஓவன் வாங்கிவிட்டோம். மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு 16 ஆம்ப்ஸ் பவர் பாயிண்ட் இருக்கிறது. அதிலேயே மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். போதுமா சார்?*
– ஒரு வாசகி, வேளச்சேரி

சொருகினால் ஓவன் ஓடும். அதனால்தான் அவர் போதும் என்கிறார். 3500ஐ 230ஆல் வகுத்துப் பாருங்கள், 15 ஆம்ப்ஸுக்கு மேல் வரும். ஒரு பாயிண்ட் தாங்கக்கூடியதை அநேகமாக முழுதாக இது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. அந்த பாயிண்டுக்கு வயர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டீர்களா? பெரும்பாலான ஃபிளாட்டுகளில் டி.பி. பாக்ஸிலிருந்து ஒரே ஒரு 2.5 ஸ்கொயர் வயர் கிளம்பி, ஃபிரிட்ஜ், மிக்ஸி, தண்ணீர் ஃபில்டர், சிம்னி என்று சமையலறை முழுக்கச் சுற்றிவரும். மிக்ஸி ஓடுவது மூன்று நிமிடம். ஓவன் ஒரு மணி நேரம் ஓடும். சுவருக்குள் அந்த வயர் படும் பாடு உங்களுக்குத் தெரியாது. ஒருநாள் பிளக் பழுப்பாகி நாற்றம் வரும்போதுதான் தெரியும்.

டி.பி.யிலிருந்து ஓவனுக்கென்று தனி லைன் இழுக்கச் சொல்லுங்கள். 4 ஸ்கொயர் காப்பர் வயர், பச்சை எர்த் வயரோடு, நடுவில் ஜாயிண்ட் இல்லாமல். பிளக் வைத்து மாட்டுவதானால் எம்சிபி 16 ஆம்ப்ஸ். பிளக் இல்லாமல் டபுள் போல் ஸ்விட்ச் வழியாக நேராகக் கொடுப்பதானால் 20. எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று 16ஐக் கழற்றிவிட்டு 32ஐ மாட்டும் புண்ணியவான்கள் ஊரெங்கும் இருக்கிறார்கள். எம்சிபி வயரைக் காப்பாற்ற வந்தது. அதைப் பெரிதாக்கினால் எம்சிபி விழாது, வயர் உருகும்.

இன்னொன்று. பாயிண்ட் ஓவனுக்கு நேர் பின்னால் வரக்கூடாது. பக்கத்து அலமாரிக்குள், கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். அவசரத்தில் அணைப்பதற்கு 35 கிலோ ஓவனை யார் வெளியே இழுப்பது?

*எவர்சில்வர் பாத்திரத்தை ஓவனில் வைக்கலாமா?*
– ஒரு வாசகி, கும்பகோணம்

வைக்கலாம். கூடாதது மைக்ரோவேவில். இரண்டும் வேறு வேறு சாமான்.

*நல்ல கம்பெனி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று இருக்கிறது. அதில் ஓவனை மாட்டலாமா?*
– ஒரு வாசகர், ஓசூர்

கூடாது.

*ஓவனை அணைத்த பிறகும் உள்ளே ஃபேன் பத்து நிமிஷம் ஓடுகிறது. கரண்ட் வீணாகிறதே என்று மெயினை ஆஃப் பண்ணிவிடுகிறேன். சரிதானே?*
– ஓய்வு பெற்ற ஆசிரியர், சேலம்

சரியில்லை ஐயா. பக்கத்து மரமும் முன்னால் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டும் கருகாமல் இருக்கத்தான் அது ஓடுகிறது. அந்தப் பத்து நிமிஷக் கரண்டுக்கு ஐந்து காசுகூட ஆகாது. போர்டு மாற்றினால் ஆயிரக்கணக்கில் ஆகும். தானாக நிற்கும், விட்டுவிடுங்கள்.

*எட்டு மாதமாக ஓவனைத் தொடவில்லை. ஐப்பசி மழையில் பேத்தி பிறந்தநாளுக்கு கேக் செய்யலாம் என்று போட்டேன். ஐந்து நிமிஷத்தில் வீடு முழுக்க கரண்ட் போய்விட்டது. ஒவ்வொரு தடவை போடும்போதும் ஆர்சிசிபி விழுந்தது. தெரிந்த எலக்ட்ரீஷியன் வந்து, "ஆர்சிசிபி வீக்கா இருக்கும்மா" என்று சொல்லி அதை பைபாஸ் பண்ணிக் கொடுத்தார். இப்போது ஓவன் அருமையாக வேலை செய்கிறது. அப்படியே விடலாமா?*
– பெயர் வேண்டாம் என்றவர், நங்கநல்லூர்

இதை மேலே படிப்பதற்கு முன் எழுந்துபோய் ஓவனின் எம்சிபியை அணைத்துவிட்டு வாருங்கள் அம்மா. நான் காத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்தது அந்த ஆர்சிசிபி ஒன்றுதான். அதைத்தான் வேலையிலிருந்து நீக்கியிருக்கிறார். அது செய்கிற காரியம் எளிது. ஃபேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் 30 மில்லி ஆம்ப்ஸ் காணாமல் போனால் கண் சிமிட்டுவதற்குள் லைனை அறுத்துவிடும். காணாமல் போன கரண்ட் ஒருவேளை உங்கள் உடம்பு வழியாகத் தரைக்குப் போயிருக்கலாம் என்பதுதான் அதன் பயம். எம்சிபிக்கு இந்தப் பயம் கிடையாது. ஒரு மனிதரைக் கொல்லத் தேவையான கரண்ட் அதன் கணக்கில் சில்லறை.

அது ஏன் விழுந்தது? ஓவனின் ஹீட்டர் என்பது வெளியே ஒரு உலோகக் குழாய், நடுவே சுருள் கம்பி, இரண்டுக்கும் இடையில் இறுக்கி அடைத்த வெள்ளைப் பொடி. மெக்னீசியம் ஆக்ஸைடு. கம்பியில் ஓடும் கரண்ட் குழாயைத் தொடாமல் தடுப்பது அந்தப் பொடிதான். பழைய டப்பா உப்பு மாதிரி அது ஈரத்தை இழுக்கும். அடிக்கடி சூடாகும் ஹீட்டரில் ஈரம் தங்காது. எட்டு மாதம் சும்மா கிடந்து, மழைக்காலமும் வந்தால் ஓரங்களில் ஈரம் ஏறிவிடும். கரண்ட் பொடி வழியாகக் குழாய்க்கும், குழாயிலிருந்து ஓவன் உடம்புக்கும் கசியும். இப்போதும் கசியலாம். சொல்வதற்கு வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எர்த் நன்றாக இருந்தால் கசிவு அந்த வழியாகப் போய்விடும், அதனால் பயமில்லை என்பார் உங்கள் எலக்ட்ரீஷியன். எர்த் நன்றாக இருக்கிறதா என்று அவர் அளந்து பார்த்தாரா? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்கு, கதவு சரியாக மூடவில்லை என்று கூப்பிட்டதால் போனேன். கைப்பிடியைத் தொட்டதும் ஜிவ்வென்றது. டெஸ்டர் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. அந்த வீட்டம்மா, "அது அப்படித்தான் இருக்கும், ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா தெரியாது" என்றார். அடுப்படி வாசலில் அதற்கென்றே ஒரு ஜோடி நீலச் செருப்பு. ஓவனை இழுத்துப் பின்பக்கம் பார்த்தேன். பச்சை வயர் ஒழுங்காக முடுக்கியிருந்தது. மறுமுனையை சுவர் பாக்ஸில் பார்த்தால், அது மடக்கி, கறுப்பு டேப் சுற்றி, ஓரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சேர்ப்பதற்கு அந்த பாக்ஸில் எர்த் வயரே கிடையாது. மூன்று வருஷம் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது இரண்டு ரப்பர் செருப்பு. குழந்தைகள் செருப்புப் போட்டுக்கொண்டா சமையலறைக்குள் ஓடிவரும்?

நீங்கள் செய்ய வேண்டியது: இன்றைக்கே ஆர்சிசிபியைத் திரும்ப இணைக்கச் சொல்லுங்கள். ஓவனுக்கு மெக்கர், அதாவது இன்சுலேஷன் அளக்கும் கருவி, வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். மெக்கர் இல்லாமல் வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். எந்த ஹீட்டரில் கசிவு என்று அளந்து, காயவைத்தால் சரியாகுமா, மாற்ற வேண்டுமா என்று அவர் சொல்வார். பிறகு கேக் செய்கிறீர்களோ இல்லையோ, மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 150 டிகிரியில் அரை மணி நேரம் ஓவனைக் காலியாக ஓடவிடுங்கள். ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் அதுவும் வெறும் பொம்மை.

*இந்தப் பகுதியைப் படித்துவிட்டு எர்த்தும் நியூட்ரலும் கடைசியில் ஒன்றுதானே, இரண்டையும் பிளக்கிலேயே சேர்த்துவிட்டால் என்ன என்று என் மைத்துனர் கேட்கிறார்.*
– ஒரு வாசகர், திண்டுக்கல்

எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் ஓவன் உடம்பு முழுக்க 230 வோல்ட். மைத்துனரை டி.பி. பாக்ஸ் பக்கம் விடாதீர்கள்.

*பகலில் கேக் நன்றாக வருகிறது. இரவு ஏழு மணிக்கு மேல் வைத்தால் நடுவில் வேகாமல் கொழகொழவென்று நிற்கிறது. ஓவன் கெட்டுவிட்டதா? ஸ்டெபிலைஸர் போட வேண்டுமா?*
– ஒரு வாசகி, காரைக்குடி பக்கத்து கிராமம்

ஓவன் கெடவில்லை, வோல்டேஜ் படுத்துவிட்டது. 230க்குப் பதில் 180 வோல்ட் வந்தால் 3000 வாட்ஸ் ஹீட்டர் கொடுப்பது 1840 வாட்ஸ்தான். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடு ஐந்தில் இரண்டு பங்கு குறையும், கணக்கு அப்படி. நீங்கள் வழக்கம்போல பத்து நிமிஷம் சூடாக்கிவிட்டு மாவை உள்ளே வைத்திருப்பீர்கள். ஓவன் அப்போது 120 டிகிரியில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். சூடேறியதும் சிவப்பு விளக்கு அணையும், அல்லது பீப் அடிக்கும். அதுவரை பொறுங்கள். நடுவில் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதை விடுங்கள். குறைந்த வோல்டேஜில் போன சூடு திரும்ப வர நேரம் பிடிக்கும். ஹீட்டருக்கு ஸ்டெபிலைஸர் தேவையில்லை. அந்தப் பணத்தில் ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்குங்கள், மிச்சமும் இருக்கும். தெரு முழுக்க இதே கதை என்றால் மின்வாரியத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

*கரையான் தொல்லைக்காக கிச்சன் முழுக்க பிவிசி போர்டில் செய்தோம். ஓவனுக்குப் பக்கத்துப் பலகை உப்பிக்கொண்டு வருகிறது. ஓவன் கம்பெனி மேல் புகார் கொடுக்கலாமா?*
– ஒரு வாசகர், ஈரோடு

அவர்கள் கொடுத்த இன்ஸ்டலேஷன் புத்தகத்தைப் பிரித்தீர்களா? பிரித்திருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது. பிவிசி 80 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். ஓவன் நிற்கும் கூட்டை மட்டும் நல்ல மரைன் பிளைவுட்டில் மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிவிசியாகவே இருக்கட்டும். அப்படியே ஆசாரியிடம் பின்பலகை அடித்தாரா என்று கேளுங்கள். அழகாக இருக்கட்டும் என்று அடித்திருப்பார். அதைக் கழற்றச் சொல்லுங்கள். சூடு பின்னால் ஏறி மேலே போக வழி வேண்டும். இரண்டு பக்கமும் ஸ்குரூ முடுக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால், திறந்த கதவின் மேல் கனமான தட்டை வைத்த அன்று ஓவன் முன்னால் சாயும்.

*மேலே கேஸ் ஹாப், கீழே ஓவன். சிலிண்டர் டியூப் ஓவனுக்குப் பின்னால்தான் போகிறது. வெளியே தெரியாமல் நீட்டாக இருக்கிறது.*
– ஒரு வாசகி, மதுரை

இது கேள்வியே இல்லை, ஆனாலும் பதில் சொல்கிறேன். அந்த ஆரஞ்சு டியூப் ரப்பர். சூடான முதுகில் அதைச் சாய்த்து வைத்திருக்கிறீர்கள். டியூபைப் பக்கவாட்டில் திருப்பிக் கொண்டுபோகும்வரை ஓவனைப் போடவே போடாதீர்கள். டியூபில் அச்சடித்த வருஷத்தையும் பாருங்கள். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

*புது ஓவனை முதன்முதலில் போட்டதும் புகையும் நாற்றமும் வந்து பயந்து அணைத்துவிட்டேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.*
– ஒரு வாசகி, புதுச்சேரி

பயப்படாதீர்கள். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் எரிகிறது. உள்ளே அட்டை, பிளாஸ்டிக் உறை, ஸ்டிக்கர் எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் தடவிப் பாருங்கள். குழந்தையை வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, அதிகச் சூட்டில் ஒரு மணி நேரம் காலியாக ஓடவிடுங்கள். இரண்டாம் முறை நாற்றம் தெரியாது. தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.

*அடியில் எண்ணெய் சிந்தாமல் இருக்க அலுமினியம் ஃபாயில் விரிக்கிறேன். கண்ணாடியைக் கம்பி நாரால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன்.*
– ஒரு வாசகி, தாம்பரம்

இரண்டுமே தப்பு. பல ஓவன்களில் கீழ் ஹீட்டர் அந்தத் தரைக்கு அடியில்தான் ஒளிந்திருக்கிறது. ஃபாயில் சூட்டை அடைத்து எனாமலைக் கெடுக்கும், உருகி ஒட்டவும் செய்யும். கம்பி நார் போட்ட கண்ணாடியில் விழுந்த கீறல் இன்றைக்கு ஒன்றும் செய்யாது. ஒருநாள் 200 டிகிரியில் அந்தக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டலாம். மிருதுவான துணி, பாத்திர சோப்பு, ஆறின ஓவன், போதும்.

*சிக்கன் கொழுப்பு சொட்டி உள்ளே தீப்பிடித்துவிட்டது. கதவைத் திறந்து தண்ணீர் ஊற்றினேன். முகத்துக்கு நேரே தீ வந்தது. நல்லவேளை, புருவம் மட்டும்தான்.*
– கல்லூரி மாணவர், கோவை

புருவம் முளைக்கும். அடுத்த முறை கதவைத் தொடாதீர்கள். ஸ்விட்சை அணையுங்கள். மூடியிருந்தால் காற்று கிடைக்காமல் தீ தானாக அடங்கும், கண்ணாடி வழியாக வேடிக்கை பார்க்கலாம். எரியும் எண்ணெயில் தண்ணீர் எந்தக் காலத்திலும் கூடாது. கொழுப்புள்ள கறிக்குக் கம்பித் தட்டின் கீழே ஒரு ட்ரே வையுங்கள்.

*ஓவன் சும்மாதானே இருக்கிறது என்று முறுக்கு டப்பா, அப்பளக் கட்டு எல்லாம் உள்ளே வைத்திருக்கிறோம். எறும்பு வருவதில்லை.*
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

ஊரிலிருந்து வரும் உங்கள் நாத்தனாருக்கு அது தெரியுமா? உருகிய டப்பர்வேரைச் சுரண்டி எடுத்த கை இது. மூன்று வீடுகளில். எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்.

அடுத்த மாதத்துக்கு எழுதுகிறவர்கள் ஓவன் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதிலுள்ள வாட்ஸையும் வோல்ட்டையும், டி.பி. பாக்ஸில் எம்சிபி எத்தனை ஆம்ப்ஸ் என்பதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். "கறுப்புக் கலர், பெரிய ஓவன்" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை.