ஊருக்கு ஒரு செய்மதி அன்ரெனா

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி காலை சுமாத்திராவுக்கு அண்மையில் கடலடியில் பூமி அதிர்ந்தது. அங்கே எழுந்த அலை நமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. வயோதிபரையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஒரு கிராமம் முழுவதும் மேட்டு நிலத்துக்குப் போய்ச்சேர அது போதுமான நேரம். நேரம் இருந்தது, செய்தி வரவில்லை.

மீள்குடியேறிய நம் கிராமங்கள் பலவற்றில் இன்றும் குளக்கட்டில் ஏறி நின்றால்தான் கைத்தொலைபேசி வேலை செய்யும். மாலை ஆறு மணிக்குப் பின் அந்தக் குளக்கட்டு யானையின் பாதை. இரவில் பாம்பு கடித்தாலும் பிரசவ வலி கண்டாலும் ஒருவர் பந்தம் பிடித்துக்கொண்டு கட்டுக்குப் போகவேண்டும். கோபுரம் இல்லாத இடங்களுக்குச் செய்மதி இணையம் ஒரு வழி. ஒரு குடும்பம் தனியே தாங்க முடியாத செலவு அது. இருபது, இருபத்தைந்து குடும்பங்கள் சேர்ந்தால் முடியும். அப்படிச் சேர்வதானால் வாங்குவதற்கு முன் எவற்றைப் பேசி முடிக்கவேண்டும் என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

செய்மதி இணையம் இரு வகைப்படும். பழைய வகையில் செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல நிற்கும். தொலைக்காட்சிக்கு நாம் வைக்கும் வட்டத் தட்டு இத்தகைய செய்மதியைப் பார்த்தே திருப்பப்படுகிறது. ஆனால் தூரம் அதிகம். நாம் ஒன்று கேட்டு மறுமொழி வந்துசேர அரைச் செக்கனுக்கு மேல் ஆகும். கதைக்கும்போது ஒருவர் பேச்சை மற்றவர் மறித்துக்கொண்டே இருப்பார். புதிய வகையில் சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில் ஆயிரக்கணக்கான சிறிய செய்மதிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. தாமதம் மிகக் குறைவு. ஒன்று மறையும்போது மற்றொன்று பிடித்துக்கொள்ளும். இவ்வகையில் ஒன்றான ஸ்ரார்லிங்குக்கு நமது நாட்டில் 2024 ஓகஸ்ட் மாதம் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது. 2025 ஜூலையில் சேவை தொடங்கியது.

இது ஆபத்து வேளையில் எவ்வளவு உதவும்? பசுபிக் சமுத்திரத்திலுள்ள தொங்கா என்ற சிறு நாட்டைப் பார்ப்போம். அங்குள்ள மக்கள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். 2022 ஜனவரி 15இல் கடலுக்கடியில் எரிமலை வெடித்தபோது, அந்த நாட்டை வெளியுலகுடன் இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. வெளிநாடுகளிலிருந்த உறவினர்களுக்குத் தம் வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியவில்லை. செய்மதி மூலம் கொஞ்சங் கொஞ்சமாகத் தொடர்பு கிடைத்தது. கப்பல் வந்து கேபிளைத் திருத்த ஐந்து கிழமைகளுக்கு மேல் ஆயிற்று. அதாவது தலைத்தீவுக்குத்தான். ஹாபாய், வவாவு ஆகிய வெளித்தீவுகளுக்குப் போகும் உள்நாட்டுக் கேபிள் திருத்தப்பட ஒன்றரை வருடம் சென்றது. எங்கும் இப்படித்தான், ஓரத்தில் இருப்பவனின் முறை கடைசியிலேயே வரும்.

கதை அத்துடன் முடியவில்லை. 2024 நடுப்பகுதியில் அந்த உள்நாட்டுக் கேபிள் மீண்டும் பழுதடைந்தது. வெளித்தீவு மக்கள் தாமாகவே வாங்கி வைத்திருந்த செய்மதி அன்ரெனாக்களை நம்பி இருந்தனர். அவற்றுக்கு நாட்டில் அனுமதி இல்லை என்பதால் நிறுத்துமாறு ஜூலை மாதத்தில் அரசாங்கம் பணித்தது. பின்னர் தற்காலிக அனுமதி கொடுக்கப்பட்டது. ஆகவே வெளிநாட்டு உறவினர் பெட்டியில் வைத்து அனுப்பும் கருவியை அப்படியே பூட்டிவிடக் கூடாது. இங்கு பதிவு செய்யக்கூடியதுதானா, ஒரு கணக்கைப் பல குடும்பங்கள் பகிரலாமா என்பதைக் கொம்பனியிடம் எழுத்தில் கேட்டு மறுமொழியை வாங்கி வையுங்கள். வீட்டுப் பாவனைக்கான கணக்கை ஊருக்குப் பகிர்ந்தால் இடையில் வெட்டிவிட இடமுண்டு.

இனி இடம் தெரிவு செய்வதைப் பார்ப்போம். அன்ரெனாவுக்கு வேண்டியது திறந்த வானம். புதிய வகைச் செய்மதிகள் ஓடிக்கொண்டிருப்பதால் வானத்தின் அகன்ற பகுதி மறைப்பின்றித் தெரியவேண்டும். ஒரு பனை வட்டு குறுக்கே நின்றாலும் இடையிடையே கதை அறும். வானத்தைக் கைத்தொலைபேசியால் படம்பிடித்து எவ்வளவு மறைப்பு என்று பார்க்க வசதி உண்டு. மரத்தில் கட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. மரம் ஆடும், இடியும் அதில்தான் விழும்.

கம்பம் நாட்ட நிலத்தில் குழி தோண்டவேண்டும். இங்கே நிதானம் வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு போன்ற மாவட்டங்களில் 2009க்குப் பின் மிதிவெடி அகற்றும் வேலை ஆண்டுக்கணக்காக நடந்தது. பாவனைக்கு விடப்பட்ட காணி எது, விடப்படாதது எது என்பதை நாங்களாக ஊகிக்க முடியாது. மாடு மேய்ந்த இடம், பிள்ளைகள் விளையாடிய இடம் என்பதெல்லாம் சான்று ஆகாது. மேலே நடந்தால் வெடிக்காதது அலவாங்கு இறங்கும்போது வெடிக்கலாம். துப்புரவு செய்து கையளிக்கப்பட்ட காணியின் எல்லையைக் கிராம அலுவலர் மூலம் உறுதிப்படுத்திய பின்பே குழி. முடிந்தால் குழியே வேண்டாம். முன்பள்ளி அல்லது பொதுநோக்கு மண்டபத்தின் சுவரில் இரும்புக் கை பூட்டி அதில் அன்ரெனாவை வைப்பதே நாங்கள் சொல்லும் வழி. அப்போது வயரும் நீளத் தேவையில்லை, யானையும் இழுக்காது. குரங்குத் தொல்லை உள்ள ஊரில் வயரைக் குழாய்க்குள் விடவும்.

இன்னொன்று. அந்த இடம் பெண்களும் குமர்ப்பிள்ளைகளும் மாலையில் பயமின்றி வந்துபோகக்கூடியதாக இருக்கவேண்டும். தவறணைக்கு அருகில் எவ்வளவு நல்ல வானம் இருந்தாலும் அது நமக்குரிய இடமல்ல.

மின்சாரத்தைச் சற்று விரிவாக நோக்குவோம், ஏனெனில் திட்டங்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் இங்குதான். வழமையான அன்ரெனா 75 முதல் 100 வாற்று வரை எடுக்கும். 100 என்று வைத்துக்கொண்டு, காலையில் இரண்டு மணித்தியாலம், மாலையில் நான்கு மணித்தியாலம் திறந்தால் நாளொன்றுக்கு 600 வாற்று மணி. 12 வோல்ற்று, 100 அம்பியர் மணி பற்றரியில் 1,200 இருக்கும். ஆனால் ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அது விரைவில் செத்துவிடும். எனவே ஒரு பற்றரி ஒரு நாளுக்குத்தான் காணும், இரண்டு வேண்டும். 300 வாற்றுச் சூரியப் படல், நல்ல வெயில் நான்கு மணித்தியாலம் கிடைத்தால், இழப்புப் போக 800 வாற்று மணி வரை தரும். 25 முதல் 40 வாற்றுடன் ஓடும் சிறிய அன்ரெனாவும் உண்டு. வேகம் கொஞ்சம் குறைந்தாலும் மின்சாரம் இல்லாத ஊருக்கு அதையே நாங்கள் விரும்புவோம்.

இந்தக் கணக்கு கோடைக்குச் சரி. மாரியில் மூன்று நாள் வெயில் தெரியாது. புயல் வருவதும் அப்போதுதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அறுந்தன. ஆகவே ஐப்பசி தொடக்கம் தை வரை திறக்கும் நேரத்தை இரண்டு மணித்தியாலமாகக் குறைத்து, ஒரு பற்றரியை எந்நேரமும் நிறைத்து வைத்திருக்கவேண்டும். படம் பார்க்க அதைத் தொடக்கூடாது. கடும் மழையில் சில நிமிடங்கள் தொடர்பு அறுவது இயல்பு; பழுது என்று எண்ணிக் கழற்றவேண்டாம். சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி முழக்கம் கேட்டவுடன் வயரை இழுத்துவிடவும். புயல் எச்சரிக்கை கிடைத்தால் கடைசிச் செய்தியை எடுத்து ஊருக்கு அறிவித்துவிட்டு அன்ரெனாவைக் கழற்றி உள்ளே வையுங்கள். காற்று தணிந்ததும் மீண்டும் பூட்ட அரை மணித்தியாலம் போதும். உடைந்துபோனால் புதியது வர எத்தனை மாதமோ!

இவ்வளவுக்கும் பின் மிஞ்சும் கேள்வி: திறப்பு யாரிடம்? கடவுச்சொல்லை வைத்திருப்பவர் சிறு அதிகாரியாகிவிடுவதை நாம் காணாமலில்லை. முகாமில் தண்ணீர்க் குழாயின் திறப்பு ஒருவரிடம் இருந்தபோது என்ன நடந்தது என்பதை ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். கருவி தனி ஒருவரின் வீட்டில் இருக்கக்கூடாது. வெளிநாட்டிலுள்ள ஒருவரின் காசில் வந்தாலும் அது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் எழுதப்படவேண்டும். இரண்டு பேர் பொறுப்பு, அவர்களில் ஒருவர் மாதர் சங்கத்தைச் சேர்ந்தவர், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றம் என்று வைத்தால் நன்று.

கொப்பியில் குடும்ப இலக்கமும் நேரமும் எழுதினால் போதும். யார் யாரோடு கதைத்தார் என்பதை எழுதவே கூடாது. அந்தக் கொப்பி நாளை யார் கைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது.

ஒரு நிமிடம் குரலில் மட்டும் கதைத்தால் பிடிக்கும் இடம் மிகச் சிறிது. முகம் பார்த்துக் கதைத்தால் அதைவிடப் பல மடங்கு. படமோ ஒரு மணித்தியாலத்தில் மற்றவர்களின் நாளையே தின்றுவிடும். எனவே காலை நேரம் சந்தை விலைக்கும், காலநிலை அறிவித்தலுக்கும், அலுவலகக் கடிதங்களுக்கும். மாலையின் முதற் பகுதி பிள்ளைகளின் படிப்புக்கு. அதன் பின் உறவினருடன் கதைக்க என்று பிரிக்கலாம். நோய், பிரசவம், யானை, வெள்ளம் என்றால் எந்த நேரமும் திறக்கவேண்டும், காசு கேட்கக்கூடாது. 1990களில் வன்னியில் ஒரு செஞ்சிலுவைக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த தாய்மாரை நாம் அறிவோம். மகனின் முகத்தைப் பத்து நிமிடம் பார்ப்பதை வீண் செலவு என்று கூட்டத்தில் யாரும் சொல்லவேண்டாம்.

மாதக் கட்டணம் 15,000 ரூபா என்று உதாரணத்துக்கு வைப்போம். 25 குடும்பங்களானால் ஆளுக்கு 600. அதனுடன் இன்னும் 100 ரூபா சேர்த்து வாங்கி ஒரு தனிக் கணக்கில் வைப்பிலிடுங்கள். மூன்று வருடத்தில் 90,000 ரூபா சேரும். பற்றரி சாவதும் ஏறத்தாழ அப்போதுதான். கட்ட முடியாத குடும்பம் படல் துடைத்தல், இரவுக் காவல் என வேலையாகக் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பதைப் பட்டியலில் தனியாகக் குறித்து அவர்களை வெட்கப்படுத்தவேண்டாம். கருவி வாங்குவதற்காக நுண்கடன் எடுக்கவே கூடாது. கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடனால் நம் பெண்கள் பட்டது போதும். அறுவடைக்குப் பின் வரும் மாதங்களில் முற்பணமாகச் சேர்த்து, ஆறு மாதக் கட்டணம் கையில் வந்த பின்பே கருவிக்குச் சொல்லுங்கள்.

செய்மதி கொம்பனியுடையது. அது நாளை விலையைக் கூட்டலாம், நிறுத்தலாம். ஆகையால் பற்றரி றேடியோவையும், கோயில் மணியையும், குளக்கட்டுக்கு ஓடிப்போகும் பொடியனையும் கைவிடவேண்டாம். எச்சரிக்கை வந்தால் மணி எத்தனை தரம் அடிப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு முன் இருவரை நியமியுங்கள். துப்புரவு செய்து கையளிக்கப்பட்ட காணிக்குள் மூன்று இடங்களில் அவர்கள் நின்று, சுற்றிவர வானத்தை மறைக்கும் மரங்களையும் கூரைகளையும் ஒரு தாளில் வரைந்து வரட்டும். காணி கையளித்த பத்திரத்தின் பிரதியையும் கிராம அலுவலரிடம் கேட்டுக் கொண்டுவரட்டும். விலை பற்றிய பேச்சை அந்த இரண்டு தாள்களும் மேசைக்கு வந்த பின் தொடங்கலாம்.