வழிகாட்டியா, வாயிற்காவலரா?

இன்று பள்ளியின் அலுவலகமும் ஆய்வகமும் இணையத்தோடு இணைந்தே இயங்குகின்றன. அந்த இணைப்பின் வாயிலில் எக்கருவியை வைப்பது? ரௌட்டரையா, ஃபயர்வாலையா? "ஃபயர்வால் வைத்தால் வேகம் குறைந்துவிடும்" என்று பலரும் கூறக் கேட்கிறோம். அக்கூற்று எவ்வளவு உண்மை என்பதை ஆராய்வோம்.

ரௌட்டரின் பணி

இணையத்தில் செல்லும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. ஒவ்வொன்றின் தலைப்பிலும் சேருமிட முகவரி உண்டு. ரௌட்டர் அதைப் படித்து, தன் அட்டவணையைப் பார்த்து, உரிய வழியில் அனுப்புகிறது. 1972 ஆகஸ்டு 15 அன்று நம் நாட்டில் அறிமுகமான ஆறிலக்க அஞ்சல் எண்ணைப் பார்த்துக் கடிதங்களைப் பிரிக்கும் ஊழியரை இதற்கு ஒப்பிடலாம். அவர் உறையைத் திறப்பதில்லை. ஆகவே வேலை விரைந்து நடக்கிறது.

ஃபயர்வாலின் பணி

கட்டடத்தில் தீ பரவாமல் தடுக்க எழுப்பும் சுவரின் பெயரே இக்கருவிக்கும் வந்தது. 1988 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் ஒரு மாணவர் வெளியிட்ட 'மாரிஸ் வார்ம்' என்னும் நிரல் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளை முடக்கியது. இணையத்திற்குக் காவல் தேவை என்பது அப்போது நன்கு உணரப்பட்டது.

ஃபயர்வால் விடுதி வாயிலில் அமர்ந்திருக்கும் சகோதரியைப் போன்றது. உள்ளிருந்து யார் யாரிடம் எதைக் கேட்டார் என்பதைக் குறித்துக்கொள்கிறது; அதற்கு வரும் விடையை உள்ளே விடுகிறது; அழையாது வருவதைத் தடுக்கிறது. தேவையானால் உள்ளடக்கத்தையும் சோதிக்கிறது. பூட்டிய உறைபோல் மறையாக்கம் செய்து வருபவற்றைத் திறந்து, பார்த்து, மீண்டும் மூடுவது பெரும் உழைப்பு. வேகம் குறையக் காரணம் இதுவே.

வேகத்தை அளப்பது எப்படி?

நொடிக்கு 1,000 மெகாபிட் செல்லும் ஈதர்நெட் இணைப்பில் பெரிய பொட்டலங்கள் ஏறத்தாழ 81,000 செல்லும்; மிகச் சிறியவையாயின் ஏறத்தாழ 14,88,000 செல்லும். ஒவ்வொன்றையும் கருவி தனித்தனியே கவனிக்க வேண்டும். பெரிய பொட்டலங்களை அனுப்பி, சோதனைகளை நிறுத்திவைத்து அளந்தால் எக்கருவியும் வேகமாகத் தோன்றும். எனவே வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "எல்லாச் சோதனைகளும் நடக்கும்போது வேகம் என்ன?"

ஒரு கணக்கு

ஒரு பள்ளியின் இணைய இணைப்பு 200 மெகாபிட் என்க. ரௌட்டரின் திறன் 900. எல்லாச் சோதனைகளுடன் ஃபயர்வாலின் திறன் 300. எதை வைத்தாலும் கிடைப்பது 200-ஐத் தாண்டாது. குடத்தின் வாயைப் பெரிதாக்கினால் குழாயில் தண்ணீர் கூடுமா? ஆனால் இணைப்பு 500 ஆனால் அதே ஃபயர்வால் தடையாகிவிடும். ஆய்வகத்திற்குள் ஒரே பிணையத்திலுள்ள கணிப்பொறிகள் தமக்குள் பரிமாறுவது சுவிட்ச் வழியே செல்வதால் இவை இரண்டும் அதைப் பாதிப்பதில்லை.

நம் முடிவு

சிறிய பள்ளிக்கு, இணைப்பைவிடக் கூடிய திறனுள்ள ஒரு ஃபயர்வால் போதும்; ரௌட்டரின் வேலையையும் அதுவே செய்யும். பல கட்டடங்களும் பல இணைப்புகளும் உள்ள நிறுவனம் முன்னே ரௌட்டரையும் பின்னே ஃபயர்வாலையும் வைக்கலாம். புதிய தீங்குகளை அறியும் பட்டியலுக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த நேரலாம். வரவுசெலவுத் திட்டத்தில் அதையும் சேர்க்க வேண்டும்.

மாணவியரின் மதிப்பெண்களும் வீட்டு முகவரிகளும் பெற்றோரின் தொலைபேசி எண்களும் அலுவலகக் கணிப்பொறியில் இருக்கின்றன. அவை களவு போனால் மீட்க இயலாது. ஒரு படம் இரண்டு நொடி தாமதித்து வந்தால் நாம் காத்திருக்கலாம் அன்றோ?

— கணிப்பொறி மன்ற மாணவியர்