கையில் நின்ற பணத்தை எதில் போடுவது?

திருத்தணி மலையடிவாரத்தில் கடை போடும் பிள்ளைகளும், அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் தறி ஓட்டும் பிள்ளைகளும் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, கையில் கொஞ்சம் நிற்கிறது, எதில் போடலாம்?" எதில் போடலாம் என்பதற்கு முன் நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: நின்றது லாபம்தானா? பஜாரிலேயே வயதானவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. ஆடிக் கிருத்திகை முடிந்த வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். சென்னை, வேலூரிலிருந்தும், நகரி, புத்தூர், சித்தூரிலிருந்தும் பூக்காவடியோடு ஜனம் வந்து இறங்கும் நாட்களில் கல்லா நிரம்பத்தான் செய்யும். அதில் பூக்காரருக்கும் பாத்திரக்காரருக்கும் தரவேண்டிய கடன் இருக்கிறது. ஐப்பசி மழையில் ஈ ஓட்டப்போகும் மாதங்களின் வாடகை இருக்கிறது. ஒரு ஆடிக் கிருத்திகையிலிருந்து அடுத்த ஆடிக் கிருத்திகை வரை கணக்குப் போட்டால்தான் ஆண்டின் நிலவரம் தெரியும். அந்தக் கணக்கில் உங்களுக்கும் சம்பளம் எழுதுங்கள். வீட்டுக்காரம்மா பாதி நாள் கடையில் நிற்கிறார் என்றால் அவருக்கும் எழுதுங்கள். வெளியாளை நிறுத்தினால் கொடுப்பீர்கள் அல்லவா? சம்பளத்தைக் கழிக்காமல் கையில் நிற்பது உங்கள் உடம்பு உழைத்த கூலி. அதைப் போய் முதல் ஈட்டிய லாபம் என்று நம்பி இரண்டாவது கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்கள், அங்கே ஆளுக்குச் சம்பளம் கொடுக்கும்போதுதான் திணறுகிறார்கள்.

2. தேய்ந்ததை முதலில் ஈடு கட்டுங்கள். அச்சு, விழுது, மோட்டார் எல்லாம் ஓட ஓடத் தேய்கிறவை. ஒரு தறிக்கு 60,000 ரூபாய் போட்டு அது பத்து வருஷம் உழைக்கும் என்றால், மாதம் 500 ரூபாய் அதன் பங்கு. அதைத் தனியாக எடுத்து வையுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரத்தை அரசு இலவசமாகத் தருகிறது. அந்தச் சலுகை இல்லை என்று வைத்து ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஏதாவது மிஞ்சினால்தான் அடுத்த தறியைப் பற்றிப் பேச வேண்டும். மிஞ்சவில்லை என்றால், அடுத்த தறி உங்கள் தலையில் இன்னொரு பாரம்.

3. வட்டிக் கடன் இருந்தால் அதை அடைத்துவிடுங்கள். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்பது வருஷத்துக்கு 36. நேர்மையான எந்த முதலீடும் உங்களுக்கு உறுதியாக 36 தராது.

4. பழைய தொழிலுக்கு எது தேவையோ அதில் புதுப் பணத்தைப் போடுங்கள். இதற்கு நான் சொல்வது சிவகாசியைத்தான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுவரக் கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து தீப்பெட்டி செய்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அந்தத் தேவையிலிருந்து அச்சுத் தொழில் வளர்ந்தது. மருந்து கலக்கும் பழக்கத்திலிருந்து பட்டாசு வந்தது. இன்று காலண்டரும் டைரியும் அங்கிருந்து நாடு முழுக்கப் போகின்றன. மழை பெய்யாத கரிசல் பூமியில் இது எப்படி நடந்தது என்று யோசித்திருக்கிறேன். அச்சகம் திறந்த அன்றே அதற்கு வாடிக்கை பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. வாங்குவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பிடிபட்ட காரணம் இதுதான்.

நீங்களும் அப்படிப் பாருங்கள். லுங்கி நெய்து கூலிக்குக் கொடுக்கிறவர், பாவு ஓட்டுவதற்கு வெளியே எவ்வளவு கொடுக்கிறார்? மடித்து, லேபிள் ஒட்டி, பெட்டி கட்டுகிறவர் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்? மலையடிவாரக் கடைக்காரர் காவடியை வாடகைக்கு எடுத்துத்தான் கொடுக்கிறாரா, சொந்தமாக வைத்திருக்கிறாரா? வருஷா வருஷம் நீங்கள் வெளியே கொடுக்கும் பணத்தில் எது பெரியதோ, அங்கேதான் உங்கள் அடுத்த முதலீடு இருக்கிறது.

5. ஆனால் எல்லாவற்றையும் ஒரே விளைச்சலை நம்பிப் போடாதீர்கள். பர்மாவில் நகரத்தார் செய்தது உலகம் மெச்சிய தொழில். ஐராவதி டெல்டாவில் நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்து, வந்த வட்டியை மறுபடி அங்கேயே கடனாகப் போட்டுப் பெருக்கினார்கள். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. நெல் விலை விழுந்து கடன்காரர்களால் கட்ட முடியாமல் போனது. 1938க்குள் அவர்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 25 ஆயிற்று. அவர்கள் விரும்பிச் சேர்த்த நிலம் அல்ல, பணத்துக்குப் பதிலாக வந்து விழுந்த நிலம். 1942இல் ஜப்பான் படை வந்தபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948இல் பர்மா விடுதலை பெற்றதும் நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் வந்தது. கணக்கில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. அவர்களுக்கே அந்த கதி என்றால், ஆளுக்கு நாலு தறி வைத்திருக்கும் நாம் ஒரு பங்கையாவது தபால் நிலையத்திலோ வங்கியிலோ வேறு வகையில் வைக்க வேண்டாமா?

6. முதல் வட்டி ஒழுங்காக வந்தது என்பதை நம்பி, அதையும் சேர்த்துத் திரும்பக் கட்டாதீர்கள். ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின் மேல் 2022இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குத் தொடுத்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடிக்கு மேல் வாங்கப்பட்டது என்பது வழக்கு. நூற்றுக்கு மாதம் 25, 30 என்று வட்டி சொன்னால், அதை எந்த வியாபாரத்தில் சம்பாதிப்பார்கள் என்று கேளுங்கள். பதில் புரியவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

7. நிலம் விற்ற பணம் வந்தால், செலவு செய்வதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள். ஒரு லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகராட்சியின் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள விவசாய நிலம் மூலதன ஆதாய வரிக்குள் வராது. திருத்தணி அந்த வகை நகராட்சிதான். உள்ளே இருந்தால் வரி உண்டு. ஆதாயத்தை ஆறு மாதத்துக்குள் அரசு அங்கீகரித்த பத்திரங்களில் 50 லட்சம் வரை போட்டால் விலக்குக் கிடைக்கும், ஐந்து வருஷம் தொட முடியாது. மனையை விற்று வீடு வாங்குவதானால் இரண்டு வருஷம், கட்டுவதானால் மூன்று வருஷம் அவகாசம். முழு விலக்கு வேண்டுமென்றால் ஆதாயம் மட்டும் போதாது, விற்ற தொகை முழுவதும் வீட்டில் போக வேண்டும். இதில் பலர் ஏமாந்துபோகிறார்கள். வரியை மிச்சம் பிடிப்பதற்காகவே வேண்டாத வீட்டை வாங்குவது எனக்குச் சம்மதம் இல்லை. நீண்டகால ஆதாயத்துக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை கட்டிவிட்டால் மீதிப் பணம் உங்கள் இஷ்டத்துக்கு நிற்கும்.

8. திருப்பதி சாலையில் மனை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1960 ஏப்ரல் 1 வரை நம் ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தாய்ப்பத்திரம் தெலுங்கில் இருந்தால், விற்கிறவர் வாயால் படித்துக் காட்டுவதைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். தெலுங்கு படிக்கத் தெரிந்த வக்கீலிடம் கொடுங்கள். பத்திரத்தில் உள்ள நான்கெல்லையை இன்றைய பட்டாவோடும் சர்வே எண்ணோடும் ஒத்துப் பார்த்து, வில்லங்கச் சான்று கைக்கு வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.