முதலில் காலைப் பழக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வரும் ஜனவரியில் ஜப்பானின் ஹொக்கைடோவுக்குப் போய், பியெய் ஊரின் பனி வயல்களைப் படமெடுக்கப் போகிறாய் என்று படித்ததில் மகிழ்ச்சி. எந்த லென்ஸ், எந்த ஃபில்டர், எந்த மரத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் நீ கேட்காத ஒன்றைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பனிக்குள் போகிற படக்காரர் கண்ணைப் பழக்கும் முன் காலைப் பழக்க வேண்டும். மற்ற இடங்களில் தப்பான இடத்தில் நின்றுவிட்டால் நாலடி தள்ளி நின்றுகொள்ளலாம். பனியில் நீ நடந்த வழி அப்படியே கிடக்கும். மறுபடி பனி கொட்டும்வரை அந்தக் குன்று உனக்கும் உதவாது, உனக்குப் பின்னால் வருகிறவருக்கும் உதவாது.

படங்களில் பார்த்து நீ மயங்கிய அந்தக் குன்றுகள் பூங்கா அல்ல, விவசாய நிலம். பூர்வகுடிகளான ஐனு மக்களின் மண்ணாக இருந்த அந்தப் பகுதியில், மெய்ஜி காலத்தில் வந்து குடியேறியவர்கள் காட்டைத் திருத்திக் கழனியாக்கினார்கள். கோதுமை, உருளைக்கிழங்கு, பீட், பயறு என்று பயிரை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். குன்றின் மேல் வரிசையாக நிற்கும் லார்ச் மரங்களும் பிர்ச் மரங்களும் அழகுக்காக நட்டவை அல்ல, காற்றைத் தடுக்க நட்டவை. நீ தேடிப் போகும் கோடுகளை எல்லாம் போட்டது விவசாயியின் கைதான்.

இந்தக் குன்றுகளை ஜப்பானுக்கே காட்டியவர் ஷின்சோ மாயேதா. வணிக நிறுவன வேலையை விட்டுவிட்டுக் கேமராவைப் பிடித்தவர். 1971ல் நாடு நெடுகச் சுற்றிய பயணத்தில் பியெய் கண்ணில் பட்டது. அதன் பிறகு அவர் திரும்பத் திரும்ப அங்கேதான் போனார். 1987ல், மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தகுஷின்கன் என்ற படக்கூடத்தைத் திறந்தார். போனவுடன் கேமராவை வெளியே எடுக்காமல், ஒரு அரைநாள் அந்தக் கூடத்தில் செலவழி. மாயேதா பெரும்பாலும் பார்த்தது தனி மரத்தை அல்ல, வயலின் வளைவை. பின்னால் வந்த கூட்டம்தான் மரத்துக்கு மரம் பெயர் வைத்து, வரிசையில் நின்று படமெடுக்க ஆரம்பித்தது.

மரங்களின் கதையைக் கேள். 1972ல் நிசான் ஸ்கைலைன் கார் விளம்பரத்தில் வந்த பாப்லருக்கு ‘கென்–மேரி மரம்’ என்று பெயர். 1976ல் ஒரு சிகரெட் பெட்டியில் அச்சான ஓக் ‘செவன் ஸ்டார்ஸ் மரம்’ ஆனது. சற்றே சாய்ந்து நின்ற இன்னொரு பாப்லரை ‘தத்துவ மரம்’ என்றார்கள். அது ஒருவருடைய சொந்த வயலில் நின்றது. மரத்துக்கு வயதாகி வலுவும் போய்விட்டது. படமெடுக்க வந்தவர்கள் வயலுக்குள் இறங்குவதோ நிற்கவில்லை. 2016 பிப்ரவரியில் நிலக்காரர் மரத்தை வீழ்த்திவிட்டார். 2025 ஜனவரியில் செவன் ஸ்டார்ஸ் மரத்தருகே நின்ற பிர்ச் வரிசையும் போனது, ஏறத்தாழ 40 மரங்கள். வயலில் நிழல் விழுந்தது ஒரு காரணம். சாலையை அடைத்துக்கொண்டு நின்ற சுற்றுலாக் கூட்டம் இன்னொரு காரணம். இதில் நம் தொழிலுக்கும் பங்கு உண்டு.

“பனிக்கு அடியில் வெறும் மண்தானே, மிதித்தால் என்ன?” என்று உனக்குத் தோன்றலாம். வெறும் மண் இல்லை. அங்கே செப்டம்பரில் விதைத்த குளிர்காலக் கோதுமை பச்சைத் தளிராகப் படுத்திருக்கும். மேலே காற்று பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி என்றாலும், தளர்வான பனிக்குள் காற்று அடைபட்டிருப்பதால் மண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். கால் பட்டு அமுங்கிய பனியில் அந்தக் காப்பு போய்விடும், குளிர் நேரே இறங்கும். இதை ஹொக்கைடோவின் தொகாச்சி சமவெளி விவசாயிகள் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள். அறுவடையில் தப்பி மண்ணில் கிடக்கும் உருளைக்கிழங்கு அடுத்த ஆண்டு களையாக முளைக்காமல் இருக்க, பனியை விலக்கி மண்ணை உறைய வைத்துக் கொல்கிறார்கள். அவர்கள் கணக்குப் போட்டுச் செய்யும் வேலையை நீ கணக்கில்லாமல் அடுத்தவர் கோதுமை மேல் செய்யக் கூடாது. அமுங்கிய இடத்தில் வசந்தத்தில் பனி உருகவும் தாமதமாகும். அதோடு, பூட்ஸில் ஒட்டி வரும் மண்ணோடு கிழங்குப் பயிரைத் தாக்கும் நூற்புழு வயல் விட்டு வயல் போகும். 1972ல் ஹொக்கைடோவில் அது கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து விவசாயிகளுக்கு அந்தப் பயம் உண்டு.

எனவே சட்டம் ஒன்றே ஒன்று. பனி அள்ளும் வண்டி எதுவரை சுத்தம் செய்திருக்கிறதோ, அதுவரைதான் உன் எல்லை. சாலையில் நின்றபடியே எடு. இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. 70–200 லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் போதும், பியெய்க்கு அகல லென்ஸைவிட அதுதான் தோது. குன்றுக்குப் பின் குன்றாக அடுக்கி, வேண்டாத வானத்தைக் கழித்துவிடலாம். பனிமிதியடி கட்டிக்கொண்டு நடக்க ஆசையாக இருந்தால், வழிகாட்டியோடு அனுமதி உள்ள காட்டுப் பாதைக்குப் போ. அங்கேயும் முதலில் நின்று பார், படத்தை முடிவு செய், அப்புறம் நட. முன்னால் தெரியும் இடம்தான் படம் என்றால், அதைச் சுற்றி வளைத்துப் போ.

இனி வெளிச்சம். புதுப்பனி தன் மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். கேமராவின் மீட்டருக்கு அது பனி என்று தெரியாது, எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். அதன் பேச்சைக் கேட்டால் வயல் அழுக்கு வேட்டி மாதிரி வரும். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை எக்ஸ்போஷரைக் கூட்டு. திரையைப் பார்த்து முடிவு செய்யாதே, பனியின் பிரகாசத்தில் எந்தத் திரையும் இருட்டாகத்தான் தெரியும். ஹிஸ்டோகிராமைப் பார். மேடு வலப்பக்கம் தள்ளி இருக்க வேண்டும், ஆனால் வலது சுவரை முட்டக் கூடாது. முட்டினால் பனியின் மணல்மணலான நயம் தொலைந்து, படத்தில் வெற்றுக் காகிதம்தான் மிஞ்சும். வெறும் வெள்ளையில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். மரத்தண்டு, வேலிக்கம்பு என்று ஏதாவது விளிம்பில் ஃபோகஸைப் பிடித்துப் பூட்டிக்கொள்.

நம்மூரில் பத்து மணிக்கு மேல் கேமராவைப் பையில் வைத்துவிடும் பழக்கத்தை அங்கே விட்டுவிடு. டிசம்பர் கடைசியில் பியெயில் உச்சிப்பொழுதிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலே 23 டிகிரிதான் ஏறும். சென்னையில் அதே நாளில் 53 டிகிரி. ஆகவே நாள் முழுவதும் சாய்ந்த வெளிச்சம் கிடைக்கும். ஆனால் நாள் சின்னது, நாலு மணிக்கே சூரியன் போய்விடும். பனிக்கு உருவம் கொடுப்பது நிழல். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு எடுத்தால் குன்று தட்டையாகிவிடும், பக்கவாட்டில் வைத்துக்கொள். நிழல் நீலமாக இருக்கும். திறந்த வானத்தின் ஒளிதான் அங்கே விழுகிறது. கம்ப்யூட்டரில் அந்த நீலத்தைத் துடைத்து எடுக்காதே, குளிரே அதில்தான் இருக்கிறது.

பனி பெய்யும்போது ஓடி ஒளியாதே. பின்னால் கருத்த லார்ச் வரிசை ஒன்று இருக்கும்படி நின்றுகொள். நொடியில் 250ல் ஒரு பங்கு என்று ஷட்டரை வைத்தால் பனி புள்ளிகளாக நிற்கும், 30ல் ஒரு பங்கு என்றால் கோடாக இழுக்கும். தெளிந்த, உறைய வைக்கும் விடியற்காலையில் காற்றின் ஈரமே பொடிப்பொடியாக உறைந்து மின்னும். வைரத்தூள் என்று சொல்வது அதைத்தான். சூரியனைப் பார்த்து நின்று கருத்த பின்னணி வைத்தால்தான் அது படத்தில் விழும். அந்த மாதிரிக் காலைகளில் ஆற்றோர மரங்களைப் பார்க்கத் தவறாதே. நீராவி கிளைகளில் ஒட்டி வெள்ளையாக உறைந்திருக்கும்.

வானம் மூடி, ஒன்றும் தெரியாத நாளும் வரும். அன்று மேக்ரோ லென்ஸை மாட்டு. கருப்புக் கம்பளிக் கையுறை ஒன்றை வெளியிலேயே வைத்து நன்றாகக் குளிர விடு. பிறகு அதை நீட்டினால் கம்பளி இழைகளின் நுனியில் பனி நட்சத்திரங்கள் வந்து உட்காரும். மூச்சை முகத்துக்குப் பக்கவாட்டில் விடு, நேரே விட்டால் ஆறு கைகளும் ஒரு நொடியில் உருண்டு சொட்டாகிவிடும். இந்த வேலைக்கு மூத்தவர் ஒருவர் பியெயை ஒட்டிய மலையிலேயே இருந்தார். ஹொக்கைடோ பல்கலைக்கழக இயற்பியலாளர் உகிச்சிரோ நகாயா, 1930களில் தொகாச்சி மலையின் குடிலில் தங்கிப் பனிப்படிகங்களைப் படமெடுத்தார். எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரத்தில் எந்த உருவம் வரும் என்று தேடி, 1936ல் ஆய்வகத்தில் முயல் மயிர் ஒன்றின் நுனியில் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். மேகத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியை ஒட்டி உருவாவதுதான் நாம் படங்களில் பார்க்கும் கிளைவிட்ட நட்சத்திரம். கையுறையில் விழுந்ததைப் பார்த்து மேலே என்ன நடக்கிறது என்று நீயும் ஊகிக்கலாம்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். உபரி பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வை. அறைக்குத் திரும்பும்போது கேமராவைப் பைக்குள் வைத்து இறுக மூடி, ஓரிரு மணி நேரம் திறக்காதே. திறந்தால் சூடான காற்றின் ஈரம் லென்ஸுக்குள் வியர்த்துவிடும். மெமரி கார்டை வெளியில் இருக்கும்போதே உருவிக்கொள். ட்ரைபாட் காலைப் பனியில் அழுத்தும்போது முழுக்க விரித்துவிட்டு அழுத்தாதே. கால்கள் அகலும்போது இணைப்பு விண்டுவிடும். கொஞ்சம் குறுக்கி வைத்து அழுத்தினால் தானாக விரிந்து நிற்கும்.

உடம்புதான் முக்கியம். பருத்தி நமக்குப் பழக்கம், அங்கே எதிரி. நனைந்தால் காயாது, சூட்டை உறிஞ்சும். உள்ளே கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், மேலே காற்று புகாத உறை. ஏறும்போது வியர்க்கும் முன்பே ஒரு அடுக்கைக் கழற்று. பக்கத்து நகரமான அசாஹிகாவாவில் 1902 ஜனவரி 25 அன்று மைனஸ் 41 டிகிரி பதிவானது, ஜப்பானில் இன்றுவரை அதுதான் சாதனை. அதே குளிரலையில், தெற்கே ஹக்கோதா மலையில் பயிற்சி நடைக்குப் புறப்பட்ட 210 ராணுவத்தினரில் 199 பேர் மாண்டார்கள். எண்ணிக்கையும் கட்டுப்பாடும் பனிப்புயலுக்கு ஒரு பொருட்டே இல்லை.

காரில் போனாலும் கவனம் வேண்டும். சாலையோரத்தில் மேலேயிருந்து கீழ்நோக்கிச் சிவப்பு வெள்ளை அம்புகள் தொங்கும். சாலையின் விளிம்பு அங்கே என்று அர்த்தம். அதற்கு வெளியே பனிமேடா பள்ளமா என்று தெரியாது. அம்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் வண்டியை எடுக்கவே எடுக்காதே. பனியில் வண்டி சிக்கிக்கொண்டால் புகைக்குழாயைச் சுற்றித் தோண்டிவிட்டுத்தான் எஞ்சினை ஓட விட வேண்டும். 2013 மார்ச்சில் ஹொக்கைடோவில் பனிப்புயலில் 9 பேர் இறந்தார்கள். அவர்களில் நாலு பேர் புதைந்த காருக்குள் புகையால் போனவர்கள்.

ஒரு யோசனையும் சொல்கிறேன். உன் பட்டியலில் மனிதர் ஒருவர்கூட இல்லை. புகைப்படக்காரர் ஹிரோஷி ஹமாயா 1940ல் நீகாதா மாகாணத்தின் ஒரு பனிக்கிராமத்துக்குப் போனார். அடுத்தடுத்த குளிர்காலங்களிலும் அங்கேயே திரும்பிப் போய், ஊரார் புத்தாண்டுச் சடங்குகளை எடுத்தார். ‘யுகிகுனி’ என்ற அந்தப் புத்தகம் 1956ல்தான் வந்தது. பனி என்பது வெறும் காட்சி அல்ல, அதற்குள் குடும்பம் நடத்துகிறார்கள் என்பதை அதில் பார்க்கலாம்.

முடிந்தால் பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளு, அல்லது மார்ச்சில் இன்னொரு முறை போ. பனி சீக்கிரம் உருகட்டும் என்று விவசாயிகள் அப்போது வயலில் கரித்தூள் தூவுவார்கள். கருப்பு வெயிலை இழுத்துக்கொள்ளும். வெள்ளைக் குன்றின் மேல் டிராக்டர் போன வழியெல்லாம் கருங்கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். அந்தக் குன்றில் கோடு போடும் உரிமை உள்ளவர் போட்ட கோடு அது. பெயர் வைத்த மரங்களைத் தேடி வரும் கூட்டத்தில் பலர் அதை எடுப்பதில்லை.

நல்ல படம் கிடைத்தால் எனக்கு அனுப்பு. கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, வயலில் மட்டும் இறங்காதே. உன்னோடு வருகிறவர்கள் இறங்கப் பார்த்தால், “வேண்டாம், கீழே கோதுமை இருக்கிறது” என்று நீயே சொல்லித் தடு.

அன்புடன்,
உன் அண்ணன்